கடைசிக்காரி

மாடு கறப்பதற்கு அந்தக் கொட்டகையில் ஒரு வரிசை இருந்தது. முதல் ஈத்துப் பசுக்கள் முதலில். மடியில் ஒரு குறையும் இல்லாத மற்றவை அதற்குப் பிறகு. எப்போதாவது மடிநோய் வந்து ஆறியவை அதற்கும் பிறகு. நோய் விட்டு விட்டுத் திரும்பி வருகிற ஒருத்தி எல்லாருக்கும் கடைசி. அவளுக்குப் பெயரே கடைசிக்காரிதான். கறக்கிற கையும், துடைக்கிற துணியும், காம்பில் மாட்டுகிற மிஷின் கப்பும் ஒரு மடியைத் தொட்டுவிட்டு அடுத்த மடிக்குப் போகும்போது நோயையும் கூட்டிக்கொண்டு போகும் என்பதால் இந்த ஏற்பாடு. கடைசிக்காரியின் பாலைக் கன்றுக்குக்கூட ஊட்ட மாட்டார்கள். அவளைக் கறந்த கையோடு இன்னொரு மாட்டைத் தடவிக் கொடுக்கக்கூட மாட்டார்கள். எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் காலை டீ.

நான் பால் வேன் ஓட்டுகிறவன். கொட்டகை கொட்டகையாகப் போய் கேனை ஏற்றிப் பால் பண்ணையில் இறக்குவது வேலை. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனைக் காகிதப் பட்டையைப் பாலில் நனைத்துப் பார்க்க வேண்டும். மருந்து கலந்திருந்தால் பட்டை நிறம் மாறும். அந்தப் பாலை எடுக்கக்கூடாது. பல வீடுகளில் பட்டையை எடுக்கும்போதே முகம் சுளிப்பார்கள். கடைசிக்காரி இருந்த இந்த வீட்டில் மட்டும், மூத்த மருமகளான பெரியவள் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, "நல்லா முக்கிப் பாரு. அப்புறம் அண்ணி வீட்டுப் பாலுன்னு கொழுந்தன் சலுகை காட்டுனான்னு சொல்லிடப்போறாங்க" என்று சிரிப்பாள். நான் அவளுக்குக் கொழுந்தனும் இல்லை, ஒன்றும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும், அவர்கள் பெண்டாட்டிகள் இரண்டு பேருமாக அந்தக் கொட்டகையை நடத்தினார்கள். பெரியவர் மாட்டோடு பேசுவாரே தவிர மனிதர்களோடு பேச மாட்டார். இளையவன் புல்லறுக்க, சாணி தள்ள, மிஷினைப் பழுது பார்க்க. ஆனால் கொட்டகை பெரியவள் கையில்தான் இருந்தது. எந்த மாட்டுக்கு என்ன செய்கிறது என்று மடியைத் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இளையவன் பெண்டாட்டி சின்னவள் உண்டானதும் பெரியவள் தலைகால் புரியாமல் ஆடினாள். கனத்த வாளியைத் தொடக்கூட அவளை விடவில்லை. பெண் குழந்தை பிறந்தது. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைத்திருந்தவன் நான். இந்த இரண்டு பேரும் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு அந்த நினைப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கொட்டகைத் தரை காய்வதற்குள் அடுத்த மழை. மாடுகள் ஈரத்தில் படுத்து எழுந்தன. ஈரம் என்றால் மடிநோய்க்குக் கொண்டாட்டம். பாலில் தயிர் போலக் கட்டி கட்டியாக வரும், மடி சுடும், மாடு தொடவிடாது. அதற்கென்று காம்புக்குள் செலுத்துகிற டியூப் மருந்து இருக்கிறது. சொன்ன வேளை முழுக்கப் போட வேண்டும் என்றுதான் மாட்டு டாக்டர் சொல்லுவார். ஆனால் மருந்து போடுகிற வரைக்கும் பாலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டுமே! அதனால் கட்டி நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். எல்லாக் கொட்டகையிலும் அப்படித்தான். நிறுத்திய டியூபில் பாதி மிச்சம் இருக்கும். அதை வீசியெறியப் பெரியவளுக்கு மனசு வராது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில், சோப்புக்கும் சீப்புக்கும் நடுவில், அந்த அரை டியூப்கள் வரிசையாக நிற்கும்.

அதுதான் அந்த வீட்டு மருந்துக்கடை. பெரியவர் சவரம் செய்யும்போது கீறினால் அதில் கொஞ்சம். இளையவன் குதிகால் வெடித்தால் அதில் கொஞ்சம். பாத்திரம் கழுவுகிற சோடா நீரில் ஊறி ஊறிப் பெரியவள் விரலெல்லாம் வெடிப்பு. தினமும் வேலை முடிந்ததும் கைக்குப் பூசுவாள். குளிர்காற்றில் மூக்குக்குள் காய்ந்து எரிந்தால் சுண்டுவிரலால் அங்கேயும் ஒரு தடவல்.

ஒரு நாள் கேன் மூடி என் விரலைக் கிழித்துவிட்டது. பெரியவள் கையைப் பிடித்து இழுத்துப் பலகை முன்னால் நிறுத்தினாள்.

"காட்டு. அட, இதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? மாடு நாலு காம்புலயும் குத்து வாங்கிட்டு சும்மா நிக்குது."

"அது மாட்டு மருந்தாச்சேக்கா."

"மாட்டுக்குக் கேக்கறது மனுஷனுக்குக் கேக்காதா? வேணும்னா தடவிட்டு ரெண்டு தடவ அம்மான்னு கத்து, சரியாயிடும்."

உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சின்னவள் சிரித்தது கேட்டது. "அக்கா, அப்படியே அவருக்கு ஒரு மணியும் கட்டி விடுங்க" என்றாள். விரல் இரண்டு நாளில் ஆறிவிட்டது. மருந்தால் ஆறியதா, தானாக ஆறியதா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நான் போனபோது சின்னவள் வாசல்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து கண் பளபளவென்று இருந்தது. பெரியவள் வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"பால் கட்டிக்கிச்சு தம்பி. ஒரு பக்கம் கல்லா இருக்கு. இது ஒரு பெரிய விஷயமா? நான் பாக்காத மடியா?"

"அக்கா, அவர் முன்னாடி மடி கிடின்னு..." என்று சின்னவள் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஆமாடி, உனக்கு இப்ப வெக்கம் ஒண்ணுதான் கொறச்சல்! ஒத்தடம் கொடுத்து, இளகுனதும் பிதுக்கி எடுத்துட்டா காய்ச்சல் ஓடிடும். காம்புல ஒரு வெடிப்பு இருக்கு. அதுக்கு மருந்து தடவிட்டேன்."

எந்த மருந்து என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பலகையில் ஒரு டியூப் மூடி இல்லாமல் படுத்திருந்தது.

அன்றைக்கே கிளினிக்குக்கும் போனார்கள், போகாமல் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமாக எல்லோருக்கும் கேட்கிற மாத்திரைதான். சின்னவள் வேளை தவறாமல் விழுங்கினாள். பெரியவள் ஒத்தடம் கொடுத்தாள், மாட்டுக்குச் செய்வது போலவே அடியிலிருந்து காம்பு நோக்கி நீவினாள், நீவிய பிறகு தடவினாள். கண்ணும் கருத்துமாகச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட்டாள். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழுவிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் யார் துடைக்கவில்லை?

காய்ச்சல் இறங்கவில்லை. கட்டி பழுத்து நீலமாயிற்று. ஒரு மத்தியானம் இளையவன் மழையில் ஓடி வந்து சாலையில் என் வேனை மறித்தான்.

"அண்ணே, வண்டிய திருப்புங்க. உளறுறா. என்னையே யாருன்னு கேக்கறா."

கேன்களை வழியில் ஒரு டீக்கடை ஓரம் இறக்கிவிட்டு, பால் வாடை அடிக்கிற அந்த வேனில்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெரியவள் பின்னால் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பெரியவரிடம். அவர் மழைக்கோட்டைத் திறந்து அதற்குள் குழந்தையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாள் பிடிக்கும் என்றார்கள். அதுவரை கொடுத்த ஊசியும் கேட்கவில்லை. முடிவு வந்ததும் மருந்தை மாற்றினார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போயிருந்தது. தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்களுக்கு அங்கி, கையுறை, மாஸ்க்.

லேடி டாக்டர் ஒருவர். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். பொறுமையாகப் பேசினார். வீட்டில் என்ன வேலை, மாடு எத்தனை, என்ன மருந்து என்று கேட்டார். பெரியவள் பலகையைப் பற்றி மறைக்காமல் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பிறகு வீட்டில் இருக்கிற எல்லோர் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குழந்தைக்கும் எடுத்தார்கள். மாட்டு டாக்டரிடம் சொல்லி மாடுகளின் பாலையும் வாங்கி அனுப்பினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டு ஆள் இல்லை என்பதால் என்னைக் கூப்பிடவில்லை. நானும் மூக்கை நீட்டிக்கொண்டு போகவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "நான் பாதிதான் கேப்பேன், மீதிய நீ கேட்டு வை" என்றாள்.

"அம்மா, நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கிருமி உங்க மூக்குல இருக்கு. மத்தவங்க யாருகிட்டயும் இல்ல. குழந்தைகிட்டயும் இல்ல."

பெரியவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒரு தலவலிகூட இல்லியே டாக்டரம்மா."

"அதான் இதுல கொடுமை. இந்த மாதிரிக் கிருமி பல பேர் மூக்குலயும் தோல்லயும் சும்மா உக்காந்திருக்கும். ஒண்ணும் பண்ணாது. புண்ணு, வெடிப்புன்னு வழி கெடச்சா உள்ள போயிடும். சாதாரணமா மருந்துக்கு அடங்கிடும். உங்ககிட்ட இருக்கறது அடங்காத ஜாதி."

"ஏன் அடங்கல?"

டாக்டர் யோசித்துச் சொன்னார். "கிருமி தன்னச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கும். அந்தச் சுவரக் கட்டுற கைய மருந்து போய்ப் பிடிச்சுக்கும். சுவர் இல்லாம கிருமி வெடிச்சுச் செத்துடும். இதுகிட்ட கூடுதலா ஒரு மரபணு இருக்கு. அது வேற மாதிரி ஒரு கையச் செஞ்சு கொடுக்குது. அந்தக் கைய மருந்தால பிடிக்க முடியல."

"அந்த மரபணு இதுக்கு எங்க கெடச்சுது?"

"எப்பவோ இன்னொரு கிருமிகிட்ட வாங்கியிருக்கும். அதுங்க அப்படிக் கொடுத்து வாங்கிக்கும். ஒரு தடவ கெடச்சுட்டா அதுலேர்ந்து பெருகுற அத்தனைக்கும் போயிடும்."

பெரியவள் வெடித்த விரல்களைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டாள். "நான் தடவுன மருந்தாலதான் இது உண்டாச்சா?"

"மருந்து உண்டாக்காதும்மா. மருந்துக்குச் சாகறதெல்லாம் செத்துப் போச்சு. சாகாதது தங்கிடுச்சு. எடம் காலியானதும் அதுவே பெருகிடுச்சு. அரைகுறையா, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமா போட்டா இதுக்குத்தான் வசதி."

"மாட்டுக்கு?"

"ஒரு மாட்டுப் பால்லயும் இதே கிருமி இருக்கு. உங்க மூக்குல இருக்கறது, அந்தப் பால்ல இருக்கறது, அவங்க சீழ்ல இருக்கறது மூணும் ஒண்ணு."

எந்த மாடு என்று அவள் கேட்கவில்லை. "மாட்டுகிட்டேர்ந்து எனக்கு வந்துச்சா, என்கிட்டேர்ந்து மாட்டுக்குப் போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"அத எங்களால சொல்ல முடியாதும்மா."

டாக்டர் மூக்குக்குள் தடவ ஒரு மருந்தும், குளிக்க ஒரு சோப்பும் எழுதிக் கொடுத்தார். சொன்ன நாள் முழுக்கத் தடவ வேண்டும், போய்விட வாய்ப்பு இருக்கிறது, ஆனால் சில பேருக்குத் திரும்பி வரும் என்றார். வெளியே வந்ததும் பெரியவள் அந்தச் சின்ன டியூபை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுவும் டியூபுதான் தம்பி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சின்னவள் இருந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அங்கி போட்டுக்கொண்டு போகலாம் என்று நர்ஸ் சொன்னாள், இளையவன் கெஞ்சினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாளே தவிர உள்ளே போகவில்லை. சின்னவளுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. நினைவு வந்தபோதெல்லாம் கதவையே பார்த்தாள்.

"அக்கா ஏன் கிட்ட வரல? எம்மேல கோவமா?" என்று இளையவனிடம் கேட்டாளாம்.

"கோவம்லாம் இல்லடி. வருவாங்க."

"பாப்பா பால் குடிச்சாளான்னு கேளு. அக்காவுக்குத்தான் தெரியும்."

இதை அவன் வெளியே வந்து சொன்னபோது பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "குடிச்சாள்னு சொல்லு. புட்டிப் பால்ல கொஞ்சம்கூட மிச்சம் வைக்கலன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு." அவன் திரும்பி உள்ளே போவதற்குள் சின்னவளுக்கு மூச்சு விடக் குழாய் போட்டுவிட்டார்கள். பிறகு அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். அக்காவுக்குக் கோபம் இல்லை என்று அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாடுகளுக்குச் சாவு தெரியாது. அன்றைக்கும் கறக்க வேண்டியிருந்தது. பெரியவரும் இளையவனும் கறந்தார்கள். இளையவன் மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். மிஷின் ஓடி முடிந்தும் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் நிறுத்தினேன். பெரியவள் கொட்டகைக்குள் வரவில்லை.

அடுத்த வாரம் பெரியவர் மாட்டுத் தரகரைக் கூப்பிட்டார். கடைசிக்காரியைக் கொண்டு போக வந்த வண்டி சேற்றில் பின்பக்கமாக வந்து நின்றது. எத்தனையோ தடவை பெரியவர் அவளை விற்றுத் தள்ளிவிடலாம் என்று சொன்னபோதெல்லாம், "இன்னும் ஒரு தடவ மருந்து போட்டுப் பாப்போம், நல்ல ஜாதி மாடு" என்று தடுத்தவள் பெரியவள். இப்போது வீட்டிலிருந்து அவளே வந்து கயிற்றை அவிழ்த்தாள். மாடு வண்டியில் சாய்த்திருந்த பலகையில் ஏற மறுத்தது. அவள் அதன் தாடைக்கு அடியில் கையை வைத்து ஏதோ சொன்னாள். அது ஏறிவிட்டது. தரகர் கதவைச் சாத்தினார்.

"வேற ஏதும் கழிக்கறது இருக்கா?" என்று கேட்டார். அது தரகர்கள் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

பெரியவர் சட்டென்று, "இல்ல, நீ கெளம்பு" என்றார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. பெரியவள் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கடைசியில் சாப்பிட்டாள், கடைசியில் குளித்தாள், குளித்த இடத்தில் கொதிநீரை ஊற்றிவிட்டு வந்தாள். மூக்கு மருந்தை ஒரு வேளை விடாமல் தடவினாள். டியூபை நுனியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிப் பொட்டுவரை எடுத்தாள். பலகையில் இருந்த அரை டியூப்களை ஒன்றுவிடாமல் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மறுபடி பரிசோதித்ததில் மூக்கு சுத்தம் என்று வந்தது. கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வராது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

இளையவனுக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியவில்லை. பெரியவர் கை காய்த்துப்போன கை. இருந்தும் அவர்கள்தான் மாறி மாறிப் பார்த்தார்கள். பெரியவள் புட்டியைக் கொதிக்க வைத்து, பால் கரைத்து, மேஜை மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள் நான் கேன் எடுக்கப் போனேன். அண்ணனும் தம்பியும் கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தோள்வரை ரத்தம். வீட்டுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. பெரியவள் அறை வாசலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். புட்டி மேஜையில் தயாராக இருந்தது.

"தம்பி, சீக்கிரம் வா. அவள எடு."

"எனக்கெங்க தெரியும்க்கா?"

"கைய நல்லா கழுவிட்டு வா. நான் சொல்றேன்."

கழுவிக்கொண்டு வந்தேன். அவள் வாசலிலேயே நின்று சொல்லிக்கொடுத்தாள்.

"கழுத்துக்கு அடில கைய விடு. தலைய விட்டுடாத. ஆங், இன்னொரு கை கீழ. நெஞ்சோட சேத்துப் பிடி, கேன் தூக்கற மாதிரி தூக்காத. புட்டிய சாய்ச்சுப் பிடி, காத்து போகக் கூடாது."

குழந்தை குடிக்கவில்லை. அவள் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி அழுதது. எனக்கு வியர்த்துவிட்டது.

"உங்களத்தான் தேடுது. வாங்கக்கா, நீங்க வாங்கிக்குங்க. டாக்டரே தூக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னும் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அவள் அழவில்லை. கொட்டகை நியாயத்தை எனக்கு ஞாபகப்படுத்துகிறவளாகச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கடைசிக்காரிகிட்ட கன்னுக்குட்டிய விடுவோமா தம்பி?"

அவள் வாசலை விட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, குழந்தையின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றாள். குரல் நின்றதும் குழந்தை ஓய்ந்து புட்டியைப் பிடித்துக்கொண்டது. குடித்துக்கொண்டே என் சட்டையில் முகத்தைத் தேய்த்தது, ஒரு கையால் என் மூக்கைப் பிடித்தது. கிழிந்து ஆறிய என் விரலும், அதில் தடவிய அரை டியூபும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. என் மூக்கை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. குழந்தையைக் கீழே விடவும் முடியாது, அவளிடம் கொடுக்கவும் முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி நின்றேன்.